காது ஜவ்வு கிழிந்தால்

(கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டியது. எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் மற்றவருக்குப் படித்துச் சொல்லவும்.)



கோபம் வந்தால் நம் பக்கத்தில் சட்டென்று வாயில் வருகிற பேச்சு ஒன்று உண்டு. "செவுள்லயே ஒண்ணு விட்டேன்னா தெரியும்!" என்பார்கள். அப்பா பிள்ளையிடம் சொல்வார். அண்ணன் தம்பியிடம் சொல்வான். கணவன் மனைவியிடம் சொல்வதும் உண்டு. பல சமயம் அது வெறும் பேச்சோடு போய்விடும். சில சமயம் கையும் போய்விடுகிறது. அப்படி விழுந்த அடி கன்னத்தோடு நிற்காமல் காதுக்குள் போய் என்ன செய்கிறது, செய்தபின் நாம் என்ன செய்யவேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதைத்தான் இந்தப் பிரசுரத்தில் சொல்லப் போகிறோம். அடி தவிர வேறு காரணங்களாலும் காது ஜவ்வு கிழியும். அவற்றையும் சொல்கிறோம்.

காதுக்குள் என்ன இருக்கிறது?

வெளியே தெரிகிற காது மடலிலிருந்து உள்ளே போகிற துவாரம் பெரியவர்களுக்குச் சுமார் 2.5 செ.மீ. நீளம், அதாவது ஒரு அங்குலம்தான். அதன் முடிவில் குறுக்கே ஒரு ஜவ்வு இழுத்துக் கட்டியதுபோல் இருக்கிறது. இதற்குத்தான் செவிப்பறை என்று பெயர். அகலம் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. தடிமனோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய நாம் எழுதுகிற காகிதத்தின் கனம். பறையில் குச்சி பட்டால் தோல் அதிர்வதுபோல, வெளியே எழும் சத்தம் பட்டு இந்த ஜவ்வு அதிர்கிறது. ஜவ்வுக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் சங்கிலி போலக் கோத்திருக்கின்றன. அங்கவடி மூன்று மில்லிமீட்டர் அளவுதான். உடம்பிலேயே சின்ன எலும்பு அது. இவை அதிர்வை வாங்கி, நத்தைக்கூடு போலிருக்கும் உள்காதுக்குக் கொடுக்கின்றன. அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போனால்தான் நமக்குக் காது கேட்கிறது.

ஜவ்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது ஒரு கதவு. குளிக்கும் தண்ணீர், தூசி, அழுக்கு எதுவும் நடுக்காதுக்குள் போகாமல் அடைத்துக் காக்கிறது. கதவு கிழிந்தபின் தண்ணீர் நேரே உள்ளே போகிறது, சீழ் பிடிக்கிறது. கிழிசலைவிட, கிழிந்தபின் உள்ளே போகிற தண்ணீரும் எண்ணெயும்தான் பலருக்குக் காதைக் கெடுத்திருக்கிறது.

ஜவ்வு எப்படிக் கிழிகிறது?

முதலில் அறையைப் பற்றி. கையை விரித்து ஓங்கிக் காதோடு அறையும்போது உள்ளங்கை காது துவாரத்தை மூடிபோல் அடைக்கிறது. உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. அந்தக் காற்று ஒரே அமுக்காக உள்ளே பாய்ந்து ஜவ்வைக் கிழிக்கிறது. ஊதிய காகிதப் பையை இரண்டு கையாலும் அடித்து 'டப்' என்று உடைப்பார்களே பிள்ளைகள், அதே சங்கதிதான். ஆகவே ஜவ்வு கிழிய எலும்பு முறிகிற அளவு பலமான அடி தேவையில்லை. கன்னத்தில் தழும்புகூட இல்லாமல் ஜவ்வு மட்டும் கிழிந்திருக்கும். "லேசாத்தாங்க தட்டினேன்" என்று சொல்கிறவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஜவ்வு கிழிந்தது கிழிந்ததுதான்.

காது டாக்டர்கள் கவனித்த ஒரு விஷயம். அறை வாங்கி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இடது காதுதான் கிழிந்திருக்கும். ஏன்? நம்மில் அதிகம் பேர் வலது கைக்காரர்கள். எதிரே நிற்பவரை வலது கையால் அறைந்தால் அது விழுகிற இடம் அவருடைய இடது காது. இப்படிக் கிழிந்து வருகிற பெண்களில் பலர் "வாசப்படியில இடிச்சுக்கிட்டேன்" என்றோ "கீழ விழுந்துட்டேன்" என்றோதான் முதலில் சொல்கிறார்கள். வாசற்படியில் நெற்றி இடிக்கும், தோள் இடிக்கும். ஜவ்வு அப்படிக் கிழிவது அபூர்வம்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சங்கடம். சிறு பிள்ளைக்கு ஒரு காது மந்தமானால் அதற்குச் சொல்லத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாது. வகுப்பில் வாத்தியார் சொன்னது பாதிதான் விழும். "சொன்னா கேக்கவே மாட்டேங்குது" என்று வீட்டில் புகார் வரும். கேட்க மாட்டேன் என்பதும் கேட்கவில்லை என்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் அதற்கும் ஒரு அறை விழுந்தால் கிழிந்த இடமே மறுபடியும் கிழியும்.

அடுத்த காரணம், காது குடைவது. ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி, கோழி இறகு, சாவி, சைக்கிள் கம்பி, பேனா மூடி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் காதில் விடுகிறோம். கடையில் விற்கிற பஞ்சு சுற்றிய பட்ஸும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். தாயார் திண்ணையில் உட்கார்ந்து சுகமாகக் குடைந்துகொண்டிருப்பார். பிள்ளை ஓடி வந்து முழங்கையில் மோதும். துவாரத்தின் நீளமே ஓர் அங்குலம் என்று மேலே சொன்னோம். குறும்பி என்பது அழுக்கல்ல. காதின் தோலைக் காக்க உடம்பே சுரக்கிற மெழுகு. அது தானாக மெல்ல வெளியே நகர்ந்து வரும். வெளி மடலில் வந்ததைத் துணியால் துடைத்தால் போதும். அடைத்துக்கொண்டால் டாக்டர் எடுத்துவிடுவார். திருவிழாக் கூட்டத்திலும் பஸ் நிலையத்திலும் காது சுத்தம் செய்கிறேன் என்று வருகிறவரிடம் காதைக் கொடுக்கவேண்டாம்.

கிணற்றில் குதிக்கும் பையன்கள் பக்கவாட்டில் விழுந்தால் தண்ணீரே அறைந்ததுபோல் ஆகிவிடும். அந்தத் தண்ணீர் சுத்தமில்லாததால் இந்தக் கிழிசல் சீழ் பிடிப்பது அதிகம். வெடிச்சத்தம் இன்னொன்று. தீபாவளி அணுகுண்டு, கோயில் வேட்டு, கல்குவாரி வெடி இவை அருகில் வெடித்தால் ஜவ்வும் கிழியும், உள்காது நரம்பும் கெடும். வெல்டிங் பட்டறையில் பறக்கிற தீப்பொறி காதுக்குள் விழுந்து ஜவ்வைப் பொசுக்குவதும் உண்டு. பொசுங்கின ஓரம் சுலபத்தில் வளராது, ஆகவே இந்த ஓட்டை தானாக மூடுவது குறைவு. பட்டறையில் வேலை செய்கிறவர்கள் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்வது நல்லது. வண்டியிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டுக் காதில் ரத்தம் வந்தால் அது ஜவ்வு விஷயம் மட்டுமல்ல. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கிழிந்தது என்று எப்படித் தெரியும்?

அடிபட்டவுடன் 'சுரீர்' என்று ஒரு வலி. சில நிமிஷத்திலோ சில மணி நேரத்திலோ வலி குறைந்துவிடும். அதனால்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். காது அடைத்தாற்போல் இருக்கும். 'ங்ஙொய்' என்று இரைச்சல் கேட்கும். ஒரு சொட்டு ரத்தம் வரலாம். மூக்கைச் சிந்தினால் அந்தக் காது வழியாகக் காற்று 'புஸ்' என்று போவதுபோல் தோன்றலாம். (பார்ப்பதற்காக வேண்டுமென்றே ஊதிப் பார்க்காதீர்கள். கிழிசல் பெரிதாகும்.) சின்ன ஓட்டையென்றால் கேட்பது கொஞ்சமே குறையும், சிலருக்கு வித்தியாசமே தெரியாது. ஆஸ்பத்திரியில் விளக்குக் கருவி வைத்துப் பார்த்தால்தான் நிச்சயம் தெரியும்.

கீழ்க்கண்டவை இருந்தால் காத்திருக்கவே கூடாது. தலை கிறுகிறுத்து வாந்தி வருவது, ஒரு பக்க முகம் கோணுவது, அந்தக் காது சுத்தமாகக் கேட்காமல் போவது, தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வடிவது, ரத்தம் நிற்காமல் வருவது, நினைவு தப்புவது. இவை உள்காதோ மண்டை ஓடோ பாதிக்கப்பட்டதன் அறிகுறி. 108-க்குப் போன் செய்து, காது மூக்கு தொண்டை டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். மற்றவர்கள் ஓரிரு நாளுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் போதும்.

கைவைத்தியம் வேண்டாம்

கிராமங்களில் நர்ஸம்மாவிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளையே இங்கு எழுதியிருக்கிறோம்.

"பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி வெதுவெதுப்பா ரெண்டு சொட்டு விடலாமாம்மா? எங்க மாமியா அப்படித்தான் செய்வாங்க."

கூடாது. முழு ஜவ்வு இருக்கும்போது எண்ணெய் வெளியே நிற்கும். ஓட்டை இருக்கும்போது எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிவிடும். காய்ச்சிய எண்ணெயாயிருந்தால் சுட்டும் விடும். மாமியார் காலத்தில் பலருக்கு ஆறியது எண்ணெயால் அல்ல. எண்ணெய் விட்டும் ஆறியது, அவ்வளவுதான்.

"தாய்ப்பால்? பச்சிலைச் சாறு?"

இரண்டும் வேண்டாம். தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு அமுதம். காதுக்குள் அது கெட்டுப்போய்க் கிருமிக்குத் தீனி ஆகும்.

"மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து வாங்கிட்டு வந்துட்டேன், விடலாமா?"

டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வேண்டாம். காது சொட்டு மருந்துகளில் சிலவற்றில் ஜென்டாமைசின், நியோமைசின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஜவ்வில் ஓட்டை இருந்தால் இவை உள்காது வரை போய், கேட்கும் நரம்பையே கெடுக்கக்கூடும். சீழ் இல்லாத புதுக் கிழிசலுக்குச் சாதாரணமாக எந்தச் சொட்டு மருந்தும் தேவையில்லை.

"காதைக் கழுவி விட்டா ரத்தம் போயிடுமே?"

கழுவக் கூடாது. உறைந்த ரத்தம் தானாக உதிரும். டாக்டர்களே இந்த நிலையில் காதில் தண்ணீர் பீய்ச்ச மாட்டார்கள்.

வலிக்குப் பாரசிட்டமால் மாத்திரை வயசுக்கேற்ற அளவில் போதும்.

ஆறுகிற வழி

இனி நல்ல சேதி. அடிபட்டுக் கிழிந்த ஜவ்வு பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். ஓட்டையின் ஓரத்திலிருந்து தோல் மெல்ல வளர்ந்து வந்து கூடும். சின்னக் கிழிசல் சில வாரத்தில் மூடும். பெரியதற்கு மூன்று மாதம் வரை ஆகலாம். நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த இடத்தைக் காய்ந்த நிலையில், தொந்தரவில்லாமல் விட்டுவைப்பது. சொல்வதற்குச் சுலபம், கிராமத்து வீட்டில் மூன்று மாதம் அப்படி இருப்பது சுலபமல்ல என்று எங்களுக்கும் தெரியும். அதற்குத்தான் கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்கச் சொன்னோம்.

கழுத்துக்குக் கீழே குளிப்பதில் தடையில்லை. தலைக்குக் குளிக்கும் நாளில் சுத்தமான பஞ்சில் வாசலீன் தடவிக் காது துவாரத்தின் வாயில் வைத்து மூடுங்கள். உள்ளே அமுக்க வேண்டாம். குளித்து முடிந்ததும் எடுத்து எறிந்துவிடுங்கள். நாள் முழுவதும் பஞ்சை அடைத்து வைத்தால் உள்ளே புழுங்கிச் சீழ் பிடிக்கும். தலையைப் பின்னால் சாய்த்து, இன்னொருவர் செம்பில் மெதுவாக ஊற்றி அலசிவிட்டால் காதில் தண்ணீர் வராது. அடிபட்டவர் மனைவியானால் கணவர் அந்தச் செம்பைப் பிடிக்கலாமே! அதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை ஜவ்வு மூடும் வரை நிறுத்தி வைக்கவும்.

கிணறு, குளம், வாய்க்கால் எதிலும் முங்கிக் குளிக்கக் கூடாது. சீழ் பிடிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. ஓட்டை வழியாகக் குளிர்ந்த தண்ணீர் நடுக்காதுக்குள் போனால் உள்காது குளிர்ந்து திடீரென்று தலை சுற்றும். நீச்சல் நன்றாகத் தெரிந்தவருக்கும் தண்ணீருக்குள் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும். உயிருக்கே ஆபத்து.

மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். வழிவதைத் துடைத்தால் போதும். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். ஜலதோஷம் பிடித்தால் உடனே கவனியுங்கள், ஏனென்றால் மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் இருக்கிறது. மூக்கின் கிருமி அந்த வழியில் ஏறும். குடும்பத்தில் யாராவது பீடி, சிகரெட் குடிப்பவரானால் இந்த மூன்று மாதமாவது வீட்டுக்குள் புகை வேண்டாம்.

இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறையாமல் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காதிலிருந்து நாற்றத்தோடு நீரோ சீழோ வந்தாலோ கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மருந்து வேண்டும். ஓட்டையுள்ள காதுக்கும் கெடுதல் செய்யாத சொட்டு மருந்துகள் உண்டு, டாக்டர் அதைத் தருவார். வடிகிற காதைச் சுத்தமான துணியைத் திரி போல் முறுக்கி வெளிவாயில் வைத்து ஒற்றி எடுக்கலாம்.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள்

டாக்டரிடம் எதனால் கிழிந்தது என்று உள்ளபடி சொல்வது வம்புக்காக அல்ல, வைத்தியத்துக்காக. அறையால் கிழிந்தது ஒரு மாதிரி, குச்சி குத்தியது ஒரு மாதிரி. குச்சியானால் பின்னாலுள்ள குட்டி எலும்புகள் நழுவியிருக்குமோ என்று பார்க்கவேண்டும். கிணற்றுத் தண்ணீரானால் கிருமிக்கு முன்கூட்டியே மருந்து தரவேண்டியிருக்கும். வெடியானால் நரம்பைச் சோதிக்கவேண்டும். "விழுந்துட்டேன்" என்று சொன்னால் டாக்டர் எதைத் தேடுவார்?

கணவரோ மாமனாரோ வேறு யாரோ கூடவே நிற்பதால் சொல்ல முடியவில்லையானால், "டாக்டர்கிட்ட தனியாப் பேசணும்" என்று பெண்கள் கேட்கலாம். நர்ஸம்மாவிடமும் சொல்லலாம். அடித்தது என்று சொன்னால் காயத்தையும் தேதியையும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதுவார்கள். பின்னால் அது தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். எழுதி வைப்பது நல்லது.

கணவன்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குள் நடப்பது வீட்டு விஷயம் என்ற காலம் போய்விட்டது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு 2006-ல் நடைமுறைக்கு வந்தது. ஒரு காதின் கேட்கும் சக்தி நிரந்தரமாகப் போகும்படி செய்தால் அதைச் சட்டம் கொடுங்காயம் என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான்; 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படித்தான். பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்களில் காசில்லாமல் பேசலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதும் 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. பிள்ளை "வாத்தியார் காதுல அறைஞ்சாரு" என்று வந்து சொன்னால், "நீ என்ன குறும்பு செஞ்சே?" என்று கேட்பதற்கு முன்னால் காதைக் காட்டுங்கள்.

கைநீட்டிய பிறகு வருத்தப்பட்டு, எண்ணெய் காய்ச்சிக்கொண்டு பக்கத்தில் உட்காருகிற கணவர்களும் இருக்கிறார்கள். வருத்தம் உண்மையாகவே இருக்கும். அந்த எண்ணெயைக் கீழே வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்புவதுதான் அப்போது செய்ய வேண்டியது.

மூடாவிட்டால்?

முதலில் பார்த்த டாக்டர் சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வார். வலி இல்லை, நன்றாகத்தானே இருக்கிறது என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். மூடிவிட்டதா என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும். காதில் கருவி மாட்டி மெல்லிய சத்தங்களைக் கேட்கவைத்து, எவ்வளவு கேட்கிறது என்று அளப்பார்கள். இதற்கு ஆடியோமெட்ரி என்று பெயர். இதில் வலியே கிடையாது.

சில கிழிசலுக்கு மெல்லிய காகிதம் போன்ற ஒரு ஒட்டை டாக்டர் மேலே வைப்பார். பந்தல்போல அதன்மேல் தோல் படர்ந்து வளரும். மூன்று மாதம் ஆகியும் மூடவில்லையானால் அறுவை சிகிச்சை செய்யலாம். காதுக்கு மேலே பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் கொஞ்சம் எடுத்து, ஓட்டையில் வைத்து அடைப்பார்கள். 1950-களில் ஜெர்மானிய டாக்டர்கள் வழிகாட்டிய வைத்தியம் இது. இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் பல மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். பெரும்பாலோருக்கு நன்றாகக் கூடிவிடுகிறது. "காதுல ஆபரேஷன்னா மூளைக்குப் போயிடும்" என்ற பயம் தேவையில்லை. ஓட்டையை அடைக்காமல் வருஷக்கணக்காகச் சீழ் வடிய விடுவதுதான் எலும்பை அரித்து மூளை வரை போகக்கூடியது.

அறுவை முடிந்த பிறகும் டாக்டர் சொல்லும் வரை அந்தக் காதில் தண்ணீர் படக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது, சில வாரத்துக்குக் கனமான குடம், மூட்டை தூக்கக்கூடாது. வயல் வேலையும் தண்ணீர் சுமப்பதும் அந்த நாட்களில் யார் பொறுப்பு என்பதை ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். முன்பு பார்த்த சீட்டு, சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போகவும்.

— மாவட்ட சுகாதாரத் துறை, குடும்ப நலப் பிரிவு
(இலவச வெளியீடு. படித்தபின் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவும்.)